பாடம் செய்த பறவைத் தலைக்கு வண்ணம்: எங்கே பிழைக்கிறது, எப்படித் திருத்துவது

பறவையைப் பாடம் செய்யும்போது இறகைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. வெயிலில் வைக்காமல் இருந்தால் அது ஆண்டுக்கணக்கில் தன் நிறத்தில் நிற்கும். கெடுவது தலைதான். கொண்டை, தாடி, கண்ணைச் சுற்றிய வெறுந்தோல், அலகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் நிறம் என்பது பாதி இரத்தம், பாதி ஈரம். இரண்டும் போனபின் கறுத்துச் சுருங்கிய தோல்தான் மிஞ்சும். அதன்மேல் நாம் வண்ணம் பூசுகிறோம். பூசியது பூசியதாகவே தெரிகிறது என்பதுதான் என்னிடம் வருகிறவர்களின் குறை. சொல்லும் விதம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பட்டர்வொர்த்தில் வீட்டின் பின்கட்டை அடைத்துப் பட்டறையாக்கி இந்த வேலையைச் செய்கிறேன். வருபவை பெரும்பாலும் செராமா சேவல்கள். கிளந்தானில் உருவான குட்டி இனம். அரைக்கிலோகூடத் தேறாது, நெஞ்சை நிமிர்த்தி நிற்பது மட்டும் ஜமீன்தாரைப் போல. அடுத்து மணிலா வாத்து, கினிக்கோழி, எப்போதாவது வான்கோழி. காட்டுப் பறவையைத் தொடுவதில்லை. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், பாதுகாக்கப்பட்ட பறவை என்றால் பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையின் உரிமம் இல்லாமல் கைவைக்கக் கூடாது. சாலையோரம் செத்துக் கிடந்தது என்று சொல்லிப் பயனில்லை.

எந்தக் குறையானாலும் தூரிகையை எடுக்குமுன் மூன்று சோதனைகளைச் செய்துவிடுங்கள். கைவிளக்கைத் தலைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மேடு பள்ளம், விரிசல், பூச்சின் தடிப்பு எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். மெல்லிய காகிதக் கைக்குட்டையைத் தோலின்மீது ஒரு நிமிடம் அழுத்தி எடுங்கள். காகிதத்தில் கண்ணாடி போன்ற திட்டு தெரிந்தால் உள்ளே கொழுப்பு இருக்கிறது. மூன்றாவது, எடை. சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டு, இரண்டு நாள் இடைவெளியில் மறுபடி நிறுத்துப் பாருங்கள். எடை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் தோல் காயவில்லை. காயாத தோலில் எந்தத் திருத்தமும் நிற்காது.

கொண்டை பிளாஸ்டிக் மிளகாய் போல இருக்கிறது

பத்தில் ஏழு தலைகள் இந்தக் குறையோடுதான் வருகின்றன. நான் செய்த முதல் தலையும் அப்படித்தான் இருந்தது.

எனக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தது கோயில் திருப்பணி. கும்பாபிஷேகத்துக்கு முன் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கு எனாமல் அடிக்கும் கூட்டத்தில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முருகன் காலடியில் நிற்கும் சேவலுக்குச் சிவப்பு என்றால் டப்பாவைத் திறந்து அப்படியே அடிக்கும் சிவப்புதான். அங்கே அதுதான் சரி. பார்ப்பவர் அறுபது அடி கீழே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். அந்தக் கையோடு ஒரு பெரியவரின் செராமாவுக்கு வண்ணம் தீட்டினேன். வாங்க வந்தவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "இறகு என் ராஜாதான், தம்பி. முகம் வேறு யாரோ" என்றார். பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்; அதுதான் அதிகம் உறுத்தியது.

காரணம் இதுதான். உயிருள்ள கொண்டையில் சிவப்பு மேற்பரப்பில் இல்லை. மேலே கிட்டத்தட்ட நிறமற்ற மெல்லிய தோல். சிவப்பு அதன் அடியில் ஓடும் இரத்தத்தில் இருக்கிறது. வெளிச்சம் உள்ளே புகுந்து, சிவந்து, வெளியே வருகிறது. எனாமலோ காட்மியம் சிவப்போ பூசினால் வெளிச்சம் மேலேயே முட்டித் திரும்பிவிடும். நிறம் சரியாக இருந்தாலும் ஆழம் இருக்காது. ஆழமில்லாத சிவப்பைக் கண் உடனே பிளாஸ்டிக் என்று தீர்மானித்துவிடுகிறது.

எனவே திருத்தம் அடியிலிருந்து தொடங்க வேண்டும். அக்ரிலிக் பூச்சாக இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு அதை இளக்கி எடுத்துவிடும். எனாமல் என்றால் சுரண்டுவதைத் தவிர வழியில்லை. சுரண்டும்போது கொண்டையின் சொரசொரப்பும் கொஞ்சம் போகும். போனதை மீட்க, எபாக்ஸி மாவைத் தாள் போல மெல்லியதாகப் பரப்பி, அது இறுகுமுன் பழைய பல்துலக்கியின் முனையால் மெதுவாகக் குத்திவிடுங்கள். சந்தையில் உயிருள்ள சேவல் கிடைத்தால் கொண்டையை அருகில் பாருங்கள்: லைச்சிப் பழத்தோலை ஐம்பது மடங்கு சிறிதாக்கினால் எப்படியோ அப்படிப் பொடிப்பொடியான மேடுகள். அந்த மேடுகள் இல்லாத கொண்டைக்கு எந்த வண்ணமும் உயிர் கொடுக்காது.

அடிப்பூச்சு வெள்ளையாக இருக்க வேண்டாம். வெள்ளையோடு கொஞ்சம் காவி மஞ்சள், ஒரு சொட்டு இளஞ்சிவப்பு சேர்த்து எலும்பின் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். அது காய்ந்ததும் ஊதாவும் பழுப்பும் கலந்த நீர்த்த வண்ணத்தைக் கொண்டை முழுக்கத் தடவி, உடனே விரலில் சுற்றிய துணியால் துடைத்துவிடுங்கள். பள்ளங்களில் மட்டும் நிழல் தங்கும். இப்போது பார்த்தால் நோய் கண்ட சேவல் போல இருக்கும். பயப்பட வேண்டாம்.

பிறகுதான் சிவப்பு. ஒளி ஊடுருவும் சிவப்பு வேண்டும். வண்ணக் கடையில் குவினாக்ரிடோன் என்று குறிப்பிட்டிருக்கும் வகை சரி. பால் போல ஓடும்வரை ஊடகத்தில் (வண்ணத்தை நீர்க்க வைக்கும் நிறமற்ற அக்ரிலிக் திரவம்) கரைத்து, ஏர்பிரஷ்ஷிலோ மென்மையான தூரிகையிலோ ஐந்து முதல் எட்டு முறை. ஒவ்வொரு பூச்சும், "பூசினோமா, இல்லையா?" என்று உங்களுக்கே ஐயம் வரும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். அடிக்கொண்டை, தலையோடு சேரும் இடம், தாடியின் உள்மடிப்பு ஆகியவற்றுக்கு எட்டு. கொண்டைப் பற்களின் நுனிக்கு ஐந்து போதும். நுனி ஓரத்தில் ஆரஞ்சு கலந்த மஞ்சளை ஒருமுறை ஊதிவிடுங்கள். காலை வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நிற்கும் சேவலின் கொண்டை ஓரம் எரிவது போலத் தெரியுமே, அதற்காக.

அத்துடன் நிறுத்திவிட்டால் அழகான சேவல் கிடைக்கும். உண்மையான சேவல் கிடைக்காது. உயிருள்ள கொண்டையில் வெள்ளைப் பொடி போலச் செதில் உதிரும். வெளிர் சாம்பல் பாஸ்டல் சுண்ணத்தைப் பிளேடால் சுரண்டி, அந்தத் தூளை உலர்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் தட்டுங்கள். வளர்த்தவரிடம் படம் இருந்தால் கேட்டு வாங்குங்கள். பெரியவரின் ராஜாவுக்கு மூன்றாவது பல்லின் நுனி சண்டையில் போயிருந்தது. அவர் தொலைபேசியில் இருந்த இருபது படங்களிலும் அது தெளிவாகத் தெரிந்தது. நான் முதல்முறை அதை மாவு வைத்து "சரி" செய்திருந்தேன்.

வண்ணம் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகுகிறது, அல்லது மாதங்கள் கழித்துப் பிசுபிசுக்கிறது

கொழுப்பு. வேறு காரணம் தேட வேண்டாம். வாத்தில் நூற்றுக்கு நூறு இதுதான். தோல் உரிக்கும்போது தலையிலும் கழுத்திலும் ஒட்டியிருந்த கொழுப்பைச் சோம்பலில் விட்டிருப்பார்கள். முப்பது டிகிரிக்கு மேல் போகும் நம் ஊர் மதியத்தில் அது இளகி, தோலின் வழியே கசிந்து மேலே வந்து வண்ணத்தைத் தள்ளும். பூசும்போதே வட்டமாக விலகினால் அதிர்ஷ்டம், அப்போதே தெரிந்துவிடுகிறது. மோசமானது, பூசி ஒப்படைத்து ஐந்து மாதம் கழித்து மஞ்சளாகக் கசிவது.

மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும் அது மறையாது. பூச்சை எடுத்துவிட்டு அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது, ஒற்றி, பஞ்சைத் திருப்பி, மறுபடி ஒற்ற வேண்டும். பஞ்சில் மஞ்சள் வருவது நிற்கும்வரை. பிறகு ஒரு வாரம் விட்டுவைத்துக் காகிதச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டு எச்சரிக்கைகள்: பொருத்தியிருப்பது கண்ணாடிக் கண்ணா, அக்ரிலிக் கண்ணா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், அக்ரிலிக் கண்ணை அசிட்டோன் ஒரே துளியில் மங்கடித்துவிடும். உள்ளே இருக்கும் உருவம் வெள்ளைத் தெர்மோகோலாக இருந்தால் அதுவும் கரைந்துபோகும். பஞ்சைப் பிழிந்து, ஈரம் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சக் கசிவுக்கு ஒரு வேலி தேவை. நான் மெழுகு நீக்கிய அவலரக்கை (ஷெல்லாக்) சாராயக் கரைசலாக மெல்லியதாகப் பூசுகிறேன். மரக்கணுவின் பிசினை அடைக்கத் தச்சர்கள் நெடுங்காலமாகக் கையாளும் பொருள். கொழுப்பையும் நன்றாக அடைக்கிறது. அதன்மேல் அக்ரிலிக் தாராளமாகப் பிடிக்கும். ஆனால் தோல் தொட்டாலே பொடிந்து, தேய்த்தால் மாவாக உதிர்கிறது என்றால் கொழுப்பின் அமிலம் தோலையே தின்றுவிட்டது. அந்தத் தலைக்கு வண்ணம் மருந்தல்ல. வாடிக்கையாளரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

கொழுப்பே இல்லாமல் வட்டம் விழுந்தால் சிலிக்கான் பக்கம் சந்தேகப்படலாம். பக்கத்தில் யாராவது கதவுக் கீலுக்குச் சிலிக்கான் தெளிப்பு அடித்தாலும் போதும்.

மேற்பூச்சு அடித்த சில நிமிடங்களில் வெள்ளை பூத்துவிட்டது

பினாங்கில் லேக்கர் தெளிக்கும் எல்லாருக்கும் இது ஒருநாள் நடந்தே தீரும். பட்டியலிட்டுச் சொன்னால் விளங்காது, நடப்பதைச் சொல்கிறேன். மதியம் மூன்று மணிக்கு மழை கொட்டி ஓய்ந்திருக்கிறது. ஐந்தடி நடைபாதையிலிருந்து நீராவி எழுகிறது. நீங்கள் கறுப்பு அலகுக்கு லேக்கர் அடிக்கிறீர்கள். கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கிறது. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று, குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் நீராகப் படிகிறது. ஐஸ் போட்ட தே ஓ (பால் இல்லாத தேநீர்) கண்ணாடிக் குவளையின் வெளிப்புறம் வேர்ப்பது போல. அந்த நுண்துளிகள் காயும் படலத்துக்குள் சிக்கிக்கொள்ள, கறுப்பு அலகு சாம்பல் பூசியதாக மாறுகிறது.

அச்சப்பட்டு மறுபடி அடிக்காதீர்கள். வெள்ளை இன்னும் தடிக்கும். அப்படியே விடுங்கள். வறண்ட பொழுதிலோ குளிர்சாதன அறையை ஈரம் உறிஞ்சும் அமைப்பில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டபிறகோ, மெதுவாக ஆவியாகும் தின்னரைப் பனி போல ஒருமுறை தெளியுங்கள்; கார் பெயிண்ட் கடைகளில் ரிடார்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். படலம் சற்றே இளகி, சிக்கிய ஈரத்தை வெளியே விட்டு, மறுபடி தெளியும். லேக்கரின் கீழே அக்ரிலிக் இருந்தால் அளவு மீறாதீர்கள், அடியில் உள்ளதும் இளகும்.

குளிர்சாதன அறையிலேயே தெளித்துவிடலாமே என்று தோன்றும். கதவு சன்னலை மூடிக்கொண்டு லேக்கர் அடிப்பது பறவையின் தலைக்கு நல்லது, நம் நுரையீரலுக்கு அல்ல. துணி முகக்கவசம் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரிவடிகட்டி பொருத்திய சுவாசக்கவசம் வேண்டும். இந்த வம்பே வேண்டாம் என்று இப்போது மேற்பூச்சுக்கும் நீர் சார்ந்த வார்னிஷையே எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் தாமதமாகக் காயும், பரவாயில்லை.

கண்ணோரமும் அலகின் வேரும் வெடிக்கின்றன

பூசும்போது தோல் காயவில்லை. பூசியபின் காய்ந்து சுருங்கியிருக்கிறது. மேலே இருந்த வண்ணமும் மாவும் கூடவே சுருங்க முடியாமல் வெடித்திருக்கின்றன. இமைத்தோல் கண்ணிலிருந்து விலகி ஒரு நூலிழை இடைவெளி விட்டிருந்தால் இதுவேதான்.

பலர் நாள் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். "பத்து நாள் ஆகிவிட்டது, காய்ந்திருக்கும்" என்பார்கள். பத்து நாளும் மழையாக இருந்தால்? தராசைத்தான் நம்ப வேண்டும். மூன்று முறை நிறுத்தும் எடை அசையவில்லை என்றால் காய்ந்துவிட்டது. விரைவுபடுத்த வேண்டுமானால் மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா மணிகளோடு வையுங்கள். ஹேர் டிரையரின் சூடு வேண்டாம். மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே நிற்கும்.

வெடித்ததைத் திருத்த, எழும்பிய துணுக்குகளை ஊசிமுனையால் நீக்கிவிட்டு எபாக்ஸி மாவை நூல் போல உருட்டி இடைவெளியில் வைத்து, தண்ணீரில் நனைத்த சிறு தூரிகையால் இமை விளிம்பாக நீவுங்கள். மாவு தோலின்மேல் ஏறக் கூடாது. விளிம்போடு நிற்க வேண்டும். நல்ல கைவிளக்கும் பொறுமையும் இருந்தால் அரைமணி நேர வேலை. பிறகு வளைந்துகொடுக்கும் அக்ரிலிக். தோல்மீது எனாமல் போன்ற விறைப்பான பூச்சு எப்போதுமே வெடிக்கும் பக்கம்தான் நிற்கும்.

நீலம் பொம்மை நீலமாக இருக்கிறது

கினிக்கோழியின் தலை, வான்கோழியின் முகம். இங்கே முதலில் ஒரு செய்தி: பறவைத் தோலில் நீல நிறமி கிடையாது. தோலுக்குள் இருக்கும் கொலாஜன் இழைகள் ஒளியைச் சிதறடிக்கும் விதத்தில் நீலம் பிறக்கிறது. அதற்குக் கீழே உள்ள கறுப்பு நிறமி மிச்ச ஒளியை விழுங்கிக்கொள்கிறது. விறகடுப்புப் புகை கரிபிடித்த சுவருக்கு முன்னால் நீலமாகத் தெரிவது எப்படியோ, கிட்டத்தட்ட அப்படி.

வண்ணத்திலும் அதையே செய்யலாம் என்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். டப்பா நீலத்தை எடுக்காதீர்கள். அடியில் கரும்சாம்பல் பூசிக் காயவிடுங்கள். வெள்ளையை நிறைய ஊடகத்தில் கரைத்து, மோர் போல நீர்க்க வைத்து, மெல்லிய திரையாகப் பூசுங்கள். நீலம் ஒரு சொட்டும் சேர்க்காமலே பரப்பு நீலச் சாயல் கொள்வதைப் பார்ப்பீர்கள். இரண்டு மூன்று திரைக்குப் பிறகு அல்ட்ராமெரின் நீலம் சிறிது சேர்த்து ஒரு திரை; போதும். சுருக்கங்களில் அடிக்கறுப்பு எட்டிப் பார்க்க வேண்டும், மேடுகளில் திரை தடிக்க வேண்டும்.

வான்கோழி என்றால் எந்த மனநிலையில் நிற்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதன் முகம் சில நிமிடங்களில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மாறக்கூடியது. தோகை விரித்து நிற்கும் உடலுக்கு அமைதியான முகம் தீட்டினால், என்ன பிழை என்று சொல்லத் தெரியாதவருக்குக்கூட ஏதோ பிழை என்று தெரியும்.

முகமூடி மாட்டியது போல ஒரு கோடு

வெறுந்தோல் முடிந்து இறகு தொடங்கும் இடத்தில் வண்ணம் சட்டென நின்றிருக்கிறது. உயிருள்ள முகத்தில் அங்கே எல்லைக்கோடே இல்லை; மயிர் போன்ற குறு இறகுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து மறையும். முள்ளிடுக்கியால் ஓர இறகுகளை விலக்கி, அவற்றின் வேர்வரை தோல் நிறத்தை நீர்க்கக் கொண்டுபோங்கள். விலக்கிய இறகுகளை நனைத்த காகிதத் துணுக்கு பிடித்துக்கொள்ளும். வாசலின் தடவிப் பாதுகாக்கும் ஆலோசனையை நானும் கேள்விப்பட்டிருக்கிறேன், செய்தும் பார்த்தேன். அந்த எண்ணெயை இறகிலிருந்து எடுக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இறகில் வண்ணம் பட்டுக் காய்ந்துவிட்டால், ஆல்கஹால் நனைத்த பஞ்சால் இறகின் வேரிலிருந்து நுனிப்பக்கமாக மட்டும் இழுத்து எடுத்து, குளிர்காற்றில் ஊதி உலர்த்தி, நீவிவிடுங்கள்.

தலை முழுக்க மினுக்குகிறது

மினுக்கு கண்ணுக்கு மட்டும் வேண்டும். இமையின் உள்விளிம்பில் ஒரு மயிரிழை. வாத்தலகுக்குப் பட்டின் மெல்லிய பளபளப்பு. கொண்டைக்கு அதைவிடக் குறைவு. மங்கல் வார்னிஷை ஒருமுறை அடித்தால் தீர்ந்தது. புட்டியை நன்றாகக் குலுக்குங்கள், மங்கலாக்கும் பொடி அடியில் தங்கியிருக்கும். கண்ணின்மேல் பட்டுவிட்டால் உடனே துடையுங்கள். மங்கிய கண்ணுள்ள பறவை செத்த பறவை.

அலகு பெயிண்ட் அடித்த மரக்கட்டையாகத் தெரிகிறது

நம் நகம் போன்றதுதான் அலகும். சேவலின் அலகு ஒரே நிறமாக இருக்காது. முதுகில் கருத்து, வெட்டும் விளிம்பில் கொம்பு நிறத்தில் வெளிறி, நுனியில் ஏறக்குறைய கண்ணாடியாகிவிடும். உங்கள் கட்டைவிரல் நகத்தைச் சன்னலருகே பிடித்துப் பாருங்கள், வேரிலிருந்து நுனிக்கு மென்மையான கோடுகள் ஓடுகின்றன. அலகிலும் அதே வளர்ச்சிக் கோடுகள் உண்டு. ஒற்றை மயிர்த் தூரிகையால் நீர்த்த பழுப்பில் அவற்றை இழுத்து, மேலே தேன்நிறத் திரை போட்டால் கட்டைத்தன்மை போய்விடும். பல சேவல்களுக்கு அலகின் இயல்பு நிறம் அப்படியே நன்றாக நிற்கிறது. அவற்றுக்கு நான் தூசு துடைத்து, பட்டு வார்னிஷ் மட்டும் அடிக்கிறேன். எல்லாவற்றையும் பூசியே ஆக வேண்டும் என்று சட்டமில்லை.

உரிமத்தோடு இருக்கும் பழைய இருவாச்சித் தலை யாரிடமாவது இருந்து, மஞ்சள் மங்கிவிட்டதே என்று கேட்டால்: பெரிய இருவாச்சியின் அலகிலும் அதன் மேலுள்ள கொம்பிலும் தெரியும் மஞ்சள், அது தன் வால் அடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியில் தேய்த்துத் தானே பூசிக்கொள்வது. பறவை போனபின் பூச ஆளில்லை. அதை அசிட்டோனால் துடைத்தால் மிச்சமிருப்பதும் பஞ்சோடு வந்துவிடும்.

ஏர்பிரஷ் துப்புகிறது

தண்ணீராகத் துப்பினால் கம்பிரசர் தொட்டியில் நீர் சேர்ந்திருக்கிறது. நம் ஊர்க் காற்றுக்கு அதைத் தினமும் வடிக்க வேண்டும், குழாயில் நீர்ப்பொறியும் மாட்ட வேண்டும். வண்ணமாகத் துப்பினால் ஊசிமுனையில் காய்ந்திருக்கிறது. ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, வண்ணத்தை இன்னும் நீர்க்க வையுங்கள்.

கறுப்புப் புள்ளிகள் கிளம்புகின்றன

பூஞ்சணம். மேலே பூசி மறைத்தால் அடியில் வாழும். எழுபது விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காற்றோட்டத்தில் உலர்த்தி, எங்கிருந்து ஈரம் வருகிறது என்று தேடுங்கள். சமையலறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள் என்பது பலமுறை கிடைத்த விடை.

தாத்தா காலத்துப் பாடத்துக்கு மறுவண்ணம் கேட்கிறார்கள்

இதற்குக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் பெக்கூர் என்பவர் உருவாக்கிய ஆர்செனிக் சோப்பு, பின்னர் இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் பறவைத் தோலுக்குத் தடவப்பட்டது. இன்று நாம் வெண்காரம் தடவுகிறோம். அவர்கள் நஞ்சு தடவினார்கள். கண்ணோரத்திலும் இறகு வேரிலும் வெண்பொடி தெரிந்தால் உப்புத்தாள் போடாதீர்கள், ஊதாதீர்கள், உலர்ந்த தூரிகையால் தட்டாதீர்கள். கையுறையும் கவசமும் போட்டுக்கொண்டு நெகிழிப் பையில் கட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வண்ணம் மங்கினால் மங்கட்டும்.

பட்டறையில் சரியாக இருந்தது, அவர்கள் வீட்டில் ஆரஞ்சாக இருக்கிறது

உங்கள் விளக்கும் அவர்கள் விளக்கும் வேறு. மஞ்சள் குண்டு விளக்கின் கீழ் தீட்டிய சிவப்பைப் பகலில் பார்த்தால் நீலம் பாய்ந்திருக்கும். வெள்ளை விளக்கில் தீட்டியதை மஞ்சள் விளக்கில் வைத்தால் ஆரஞ்சாகும். ஐயாயிரம் கெல்வினுக்கு மேற்பட்ட வெள்ளை விளக்கில் வேலை செய்து, கடைசிப் பூச்சுக்கு முன் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். தலை எங்கே இருக்கப்போகிறது என்று முதல் நாளே கேட்டுவிடுவது இன்னும் நல்லது. பூசையறைப் பக்கம் என்றால் மஞ்சள் விளக்குதான் எரியும். சிவப்பில் ஆரஞ்சைக் குறைத்துவிடுவேன்.

இரண்டே ஆண்டில் சிவப்பு வெளுத்துவிட்டது

எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல. அலிசரின் கிரிம்சன் கண்ணுக்கு அப்படியே இரத்தம், வெயிலில் வெளுத்துவிடும். ஒளிரும் இளஞ்சிவப்பு வகைகள் அதைவிட மோசம். குழாயின் பின்புறம் ஒளிதாங்கும் தரம் அச்சிட்டிருப்பார்கள், வாங்குமுன் படியுங்கள். வெளுத்த கொண்டையைத் திருத்துவது எளிது: அடிப்பூச்சும் நிழலும் அப்படியே இருக்கும், பாஸ்டல் தூளை மட்டும் துடைத்துவிட்டு குவினாக்ரிடோன் திரைகளை மறுபடி ஏற்றினால் போதும்.

அச்சை மட்டும் நம்பாமல் நானும் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். வெள்ளை அட்டையில் என்னிடமுள்ள எல்லாச் சிவப்பையும் பட்டை பட்டையாகத் தீட்டி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, கிழக்குச் சன்னலில் ஒட்டியிருக்கிறேன். ஆறாவது மாதம் நடக்கிறது. போன வாரம் தாளைத் தூக்கிப் பார்த்தேன். அலிசரின் பட்டையில் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் நடுவே கோடு விழத் தொடங்கியிருக்கிறது; குவினாக்ரிடோனில் ஒன்றுமில்லை. பெயர் ஒட்டாமல் மலிவாகக் கிடைத்த ஒரு சிவப்பு, சன்னல் பக்கம் ஏறக்குறைய ரோஸ் பால் நிறத்துக்கு வந்துவிட்டது. அதில் இன்னும் இரண்டு குழாய் மிச்சம் இருக்கிறது. அண்ணன் மகளின் ரங்கோலி அட்டைக்குக் கொடுத்துவிட்டேன்.